ஆடும் கால், வெடித்த பலகை: மரப் பெஞ்சின் பிழை கண்டு நீக்கும் வழி

இங்கே சொல்லப்போவது ஒரு குறிப்பிட்ட வகைப் பெஞ்சைப் பற்றி. மரத்தை நெடுக அறுத்த ஒரே கனமான பலகை, அதன் அடியிலிருந்து துளை போட்டுச் செருகிய நான்கு கால்கள், அவ்வளவுதான். சட்டம் கிடையாது. பலகையின் ஓரம் மரத்தில் இருந்தபடியே வளைந்து நெளிந்து இருக்கும். கால் தலையில் உருட்டிச் செதுக்கிய கழுந்து பலகைக்குள் ஏறி, மேலே தலை காட்டும். அதில் ஆப்பு அடித்து இறுக்குவோம்.

என் பெஞ்சின் அளவைச் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். நீளம் 5 அடி, அகலம் 14 அங்குலம், கனம் 2¼ அங்குலம், உட்காரும் உயரம் 18 அங்குலம், கழுந்தின் விட்டம் 1½ அங்குலம். பலகை வேம்பு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அன்று எங்கள் கொல்லையில் சாய்ந்த மரம் அது. விறகுக்குக் கேட்டு ஆள் வந்தார்கள். கொடுக்க மனம் வரவில்லை. மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து, இடையில் ரீப்பர் கொடுத்து, கொட்டகையில் 2 வருடத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்தேன். கால்கள் நாட்டுக் கருவேலம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் உடனே பெவிகாலையோ ஆணியையோ எடுக்காதீர்கள். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு காலின் கழுத்தையும், அதாவது கால் பலகைக்குள் நுழையும் இடத்தை, பாருங்கள். இந்தப் பெஞ்சில் வரும் கோளாறில் பெரும்பாலானவை ஈரத்தால் வருபவை. எந்தத் துண்டு எப்போது காய்ந்தது என்று தெரிந்தால் மருந்து தானாகத் தெரியும்.

கால் துளைக்குள் ஆடுகிறது

அதிகம் வருவது இதுதான். செய்த அன்று கல் மாதிரி நிற்கும். மூன்று நான்கு மாதத்தில் உட்காரும்போது 'கிறீச்' என்று ஒரு முனகல், பிறகு ஆட்டம்.

கழுத்தில் தெரியும் இடைவெளியைக் கவனியுங்கள். சுற்றிலும் ஒரே அளவில் இருந்தால் துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டீர்கள். எதிரெதிராக இரண்டு பக்கம் மட்டும் காகிதம் நுழைந்து, மற்ற இரண்டு பக்கம் இறுக்கமாக இருந்தால் கால் பச்சையாக இருந்திருக்கிறது. மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. மரத்தின் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாட்டில் அநேகமாகச் சுருங்கவே சுருங்காது. அதனால் வட்டமாகச் செதுக்கிய பச்சைக் கழுந்து காய்ந்ததும் முட்டை வடிவமாகிவிடும். துளை வட்டமாகவே இருக்கும்.

என் முதல் பெஞ்சில் நடந்தது இதேதான். பலகை நன்றாகக் காய்ந்திருந்தது. அந்த நிம்மதியில், பங்குனியில் வெட்டிய கருவேலங்கட்டையைச் சித்திரையிலேயே கால் செதுக்கிவிட்டேன். ஆவணியில் ஆட்டம் வந்தது. பெவிகாலில் மரத்தூளைக் குழைத்து அப்பிக்கொண்டிருந்தபோது, வண்டி வேலை செய்து பழகிய எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் வந்து நின்றார்.

"தம்பி, அந்த டப்பாவ மூடி வை. கால் எப்ப வெட்டினது?"

"பங்குனியிலங்க."

"அப்ப அது இன்னும் இளைக்கும். இப்ப ஒட்டினா தையிலயும் ஒட்டணும்."

அதற்குப் பிறகு நான் மாற்றாத ஒரு விதி உண்டு. கால் பலகையைவிட எப்போதும் அதிகம் காய்ந்திருக்க வேண்டும். பலகையில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தால் கெடுதல் இல்லை, நல்லதுதான். அது காயக் காயத் துளை சுருங்கிக் கழுந்தைக் கவ்விக்கொள்ளும். காய்ந்த பலகையில் பச்சைக் கால் என்பதுதான் இருப்பதிலேயே மோசமான சேர்க்கை.

சரிசெய்யும் விதம் இது. பழைய ஆப்பை உளியால் பிளந்து எடுத்துவிட்டு, கழுந்தின் தலையில் சிறு கட்டை வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) கீழ்நோக்கித் தட்டுங்கள். கால் இறங்கிவிடும். ஒவ்வொரு காலுக்கும் அதன் துளைக்கும் ஒரே எண்ணை எழுதி வையுங்கள். மாறிப் போனால் தலைவலி. கால்களைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் இருந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரம் பார்க்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் தராசு பொய் சொல்லாது.

அவசரம் என்றால் மணல் வழி இருக்கிறது. கடலை வறுக்கிற மாதிரி இரும்புச் சட்டியில் ஆற்று மணலைப் போட்டுச் சூடாக்குங்கள். கழுந்து மட்டும் மணலில் புதையும்படி கால்களைத் தலைகீழாக நட்டு, இளஞ்சூட்டில் நாலைந்து மணி நேரம் விட வேண்டும். மணலில் ஒரு துண்டுக் காகிதத்தைச் சொருகி வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் பழுப்பேறினால் சூடு அதிகம், தணலைக் குறையுங்கள். காலின் மற்ற பாகத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பரவாயில்லை, துளைக்குள் போகும் பாகம் எலும்பு மாதிரி இருக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் கழுந்தை ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பெரிதாகவே செதுக்கி, மணலில் காயவிட்டு, பிறகு இறுதி அளவுக்குக் கொண்டுவந்தால் இந்தக் கோளாறே வராது.

காய்ந்த கழுந்து இப்போது துளைக்குச் சிறிதாக இருக்கும். பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டி எடுங்கள். பழைய பெவிகால் படலத்தின் மேல் புதிய பெவிகால் பிடிக்காது. மரம் சீவும் இழைப்புளியில் வரும் நீளச் சுருளை எடுத்துப் பசை தடவிக் கழுந்தைச் சுற்றி ஒட்டி, காய்ந்ததும் மறுபடி உருட்டிப் பதம் பாருங்கள். இடைவெளி ஒரு நூலுக்கு மேல் இருந்தால் சுருள் போதாது. அந்தக் காலை வேறு வேலைக்கு வைத்துவிட்டுப் புதுக் கால் செய்வதுதான் மேல். சாதாரண வெள்ளைப் பசை இடைவெளியை நிரப்பாது. நிரப்ப வேண்டுமென்றால் இரண்டு குழாயில் வரும் எபாக்சிதான்.

பிறகு ஆப்பு. கழுந்தின் தலையில் 1½ அங்குல ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு கீறல். துளையின் மேல்வாயை, பலகையின் நீளவாட்டில் மட்டும், இரண்டு பக்கமும் அரை நூல் அகட்டுங்கள். ஆப்பு இறங்கும்போது கழுந்து அந்த அகலத்துக்கு விரியும், அதன்பின் கால் கீழே நழுவ வழியில்லை. ஆப்பை அடிக்கும்போது காதைக் கூர்மையாக்கி வையுங்கள். முதலில் 'தொப் தொப்' என்று மந்தமாகக் கேட்கும். ஒரு கட்டத்தில் சத்தம் மாறிக் 'டண்' என்று கணீரென்று வரும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு அடி கூட அடுத்த பிரச்சினையைக் கொண்டுவந்துவிடும்.

பலகை வெடித்துவிட்டது

வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

துளையிலிருந்து நீளவாட்டில் ஓடினால் ஆப்பைத் தப்பான திசையில் அடித்திருக்கிறீர்கள். நார் பலகையின் நீளத்தில் ஓடுகிறது. கீறலும் அதே திசையில் இருந்தால் ஆப்பு நாரை இரண்டு பக்கமும் விலக்கும், விறகு பிளப்பது போலத்தான். கீறல் பலகையின் அகலவாட்டில், நாருக்குக் குறுக்கே நிற்க வேண்டும். அப்போது அழுத்தம் பெஞ்சின் இரண்டு முனைகளை நோக்கிப் போகும். அந்தத் திசையில் மரம் அதிக அழுத்தத்தைத் தாங்கும். கால் செருகுவதற்கு முன்பே கழுந்தின் தலையில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் கால் துளைக்குள் 90 பாகை திரும்பிவிடும்.

முனையிலிருந்து உள்ளே வந்தால் அது காய்ச்சல் வெடிப்பு. முனையில் நாரின் வாய்கள் திறந்திருக்கின்றன, அதனால் அங்கே ஈரம் மிக வேகமாக வெளியேறும், நடுப்பாகம் பின்தங்கும். அறுத்த அன்றே முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசியிருந்தால் தப்பியிருக்கும். மரக்கடையில் மரத்தின் முனையில் பெயின்டோ சாணியோ பூசியிருப்பதன் காரணம் இதுதான். வெடிப்பு கால் துளைக்கு 3 அங்குலத்துக்கு அப்பால் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள், இந்தப் பெஞ்சுக்கு அது அழகுதான். துளையை நோக்கி நடந்து வருகிறது என்றால், வெடிப்பின் குறுக்கே உடுக்கை வடிவத்தில் ஒரு கட்டை பதிக்க வேண்டும். உடுக்கையின் இடுப்பு வெடிப்பின் மேல் வரவேண்டும். கட்டையின் நார் வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலேயே ஒடிந்துபோகும். கனம் பலகையில் பாதியாவது இருக்கட்டும்.

பலகையின் நடுவில் திடீரென்று நீளமாக வெடித்தால் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் குறுக்கே இரும்புப் பட்டையோ ரீப்பரோ வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறீர்களா? 14 அங்குலப் பலகை மழைக்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் நடுவே ஒரு நூல் அளவுக்கு விரிந்து சுருங்கும். அதை இரும்பு பிடித்து வைத்தால் மரம் தன்னையே பிளந்துகொள்ளும். நடு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கமாக விட்டு, ஓரத்து ஓட்டைகளை அகலவாட்டில் நீட்டிவிடுங்கள். பிளவில் எதையும் அடைக்க வேண்டாம். ஐப்பசி மழையில் பலகை திரும்ப விரியும்போது, அடைத்த சாமான் ஆப்பாக மாறி இன்னும் பிளக்கும்.

தரையில் தடதடக்கிறது

முதலில் குற்றம் பெஞ்சிலா தரையிலா என்று பாருங்கள். பெஞ்சை நல்ல மட்டமான வேறு இடத்துக்கு நகர்த்திப் போடுங்கள். அங்கே ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் தரையுடையது. நம் வீட்டுத் தாழ்வாரங்களைத் தண்ணீர் வடிய வாட்டம் வைத்துத்தான் போடுவார்கள். வாட்டம் திரும்புகிற இடத்தில் எந்த நாலு கால் சாமானும் ஆடத்தான் செய்யும். எங்கே போட்டாலும் அதே கால் தூக்கினால் பெஞ்சில்தான் குறை.

'நீளமான' காலை அரிந்து பார்ப்பது, பிறகு எதிர்க்காலை அரிவது என்று தொடங்கிவிடாதீர்கள். 18 அங்குலப் பெஞ்சு 15 அங்குலமாகும், ஆட்டம் போகாது. நல்ல மட்டமான தரையில் பெஞ்சை வைத்து, கால்களுக்கு அடியில் அட்டையோ மெல்லிய சில்லோ கொடுத்து, பலகை மேல் ரசமட்டத்தை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் வைத்துச் சமன் செய்யுங்கள். தரைக்கும் காலுக்கும் அதிகமான இடைவெளி எங்கே இருக்கிறதோ, அதைவிடச் சற்றே உயரமான ஒரு கட்டைத் துண்டை எடுத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, நான்கு கால்களையும் சுற்றிக் கோடு இழுங்கள். கால் சாய்வாக இருப்பதால் கோடும் சாய்வாக விழும், பதற வேண்டாம். அந்தக் கோட்டிலேயே அறுத்தால் நான்கு பாதமும் ஒரே தளத்தில் உட்காரும்.

பலகை இன்னும் காய்ந்துகொண்டிருந்தால் இதைத் தள்ளிப்போடுங்கள். காயும்போது அது முறுக்கிக்கொள்ளும், இன்று அறுத்த மட்டம் அடுத்த மாதம் இருக்காது. தரை கரடுமுரடான கொல்லைப்புறம்தான் என்றால் மூன்று கால் பெஞ்சு செய்துவிடுங்கள். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது.

பலகை குழிந்துவிட்டது

மேல் முகம் குழிந்து ஓரங்கள் நிமிர்ந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். முனையில் வளையங்களைப் பாருங்கள். வளையம் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல இருந்தால் மரத்தின் நடுப்பக்கம் கீழே, பட்டைப்பக்கம் மேலே இருக்கிறது. காயும்போது பட்டைப்பக்கம்தான் குழியும். மழைநீர் தேங்கும் என்பதால், வெளியில் போடும் பெஞ்சுக்கு நான் எப்போதும் நடுப்பக்கத்தை மேலே வைக்கிறேன். காய்ந்தால் லேசாக முதுகு தூக்கும், தண்ணீர் வழிந்துவிடும்.

வளையம் சரியாக இருந்தும் குழிந்தால், ஒரு முகம் மட்டும் காய்ந்திருக்கிறது. மேலே வெயில், கீழே ஈரத் தரை, அல்லது மேலே மட்டும் எண்ணெய். காய்ந்த பக்கம்தான் குழியும். கால் போடுவதற்கு முன் கவனித்துவிட்டால் எளிது. காலை வெயிலில் ஈரமான புல்மேல் குழிந்த முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். கீழ்முகம் ஈரத்தைக் குடித்து விரியும், மேல்முகம் வெயிலில் சுருங்கும், பலகை நேராக வரும். அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மறந்தால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். நேரானதும் இரண்டு முகத்துக்கும் காற்று படும்படி நிறுத்தி வைத்து, இரண்டிலும் ஒரே அளவு எண்ணெய் கொடுங்கள். கால் போட்ட பிறகு என்றால், 2 நூல் வரை இழைப்புளியால் சீவிவிடலாம். அதற்கு மேல் குழிந்தால் காலைக் கழற்றியாக வேண்டும்.

ஓரத்தில் உட்கார்ந்தால் கவிழ்கிறது

இது ஈரத்தால் அல்ல, கணக்கால் வருவது. காலின் பாதம் முனையிலிருந்து 15 அங்குலம் உள்ளே இருக்கிறது என்று வையுங்கள். 70 கிலோ ஆள் முனையிலிருந்து 6 அங்குலத்தில் உட்கார்ந்தால் பாதத்துக்கு வெளியே 9 அங்குலம். 70-ஐ 9-ஆல் பெருக்கினால் 630. பெஞ்சின் எடை 26 கிலோ, அதன் நடு பாதத்திலிருந்து 15 அங்குலம், பெருக்கினால் 390. 630 பெரியது, எதிர்முனை எழும்பும். அடுத்த முனையில் இருந்தவர் எழுந்த நொடியில் இவர் விழுவார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

துளையை முனையிலிருந்து 9 அங்குலத்தில் போட்டு, காலை வெளிப்பக்கமாக 12 பாகை சாய்த்தால் பாதம் சுமார் 5½ அங்குலத்துக்கு வந்துவிடும். அகலவாட்டில் 10 பாகைச் சாய்வு போதும், பாதங்கள் பலகையின் ஓரத்துக்கு நேர்க்கீழே வரும். சாய்வு மட்டத்தை அட்டையில் வெட்டி, டிரில்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு துளையுங்கள். கண்ணளவை நம்ப வேண்டாம். ஏற்கெனவே செய்து முடித்த பெஞ்சு என்றால் பலகையின் முனைகளை அறுத்துக் குட்டையாக்குவதுதான் நேர்மையான வழி. நீளம் போகிறதே என்று மனம் கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. ஆனாலும் செய்யுங்கள்.

நடுவில் தொய்வது பெரும்பாலும் மெல்லிய பலகையால். கனம் 2¼ அங்குலத்திலிருந்து 1½-க்கு இறங்கினால் தொய்வு மூன்று மடங்குக்கு மேல் கூடும். அடியில் நடுநாயகமாக நெடுக ஒரு கட்டையை விளிம்பில் நிறுத்திக் கொடுத்தால் போதும்.

துளையிலிருந்து மாவு உதிர்கிறது

பெஞ்சின் அடியில் காலையில் பார்த்தால் முகப்பவுடர் மாதிரி மெல்லிய மாவு, பலகையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். பெருக்கிவிட்டு ஒரு கறுப்புத் துணியை விரித்து வையுங்கள். மறுநாள் மாவு இல்லையென்றால் பழைய ஓட்டை, வண்டு போய்விட்டது. மாவு விழுந்தால் உள்ளே புழு தின்றுகொண்டிருக்கிறது.

இந்த வண்டு தேடுவது வெளிமரத்தில் இருக்கும் மாவுச்சத்தை. அதனால் பட்டையை ஒட்டிய வெளுத்த பாகத்தில்தான் ஓட்டை போடும், சேகேறிய நடுப்பாகத்தை அநேகமாகத் தொடாது. மாமரம், தூங்குமூஞ்சி இரண்டிலும் வெளிமரம் சீக்கிரம் உளுத்துவிடும். மரத்தை வெட்டியதும் மாதக்கணக்கில் குளத்தில் ஊறப்போட்டார்களே நம் பெரியவர்கள், அந்த மாவுச்சத்து கரைந்து போகட்டும் என்றுதான். செய்து முடித்த பெஞ்சுக்கு: பட்டை ஒட்டியிருந்தால் முழுவதும் உரித்துவிடுங்கள். பூச்சி குடியிருப்பது அதன் அடியில்தான், எப்படியும் அது ஒருநாள் உதிரும். எண்ணெயை மரம் தெரியும்வரை தேய்த்து எடுங்கள். 2 லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பிரஷ்ஷால் மூன்று முறை ஊற ஊறப் பூசுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் மழையில் மருந்து கரைந்து போய்விடும். விரல் அழுத்தினால் உள்வாங்குகிற இடத்தை மட்டும் உளியால் செதுக்கி எறிய வேண்டியதுதான்.

ஆணியைச் சுற்றிக் கறுத்துவிட்டது

அது அழுக்கும் அல்ல, பூஞ்சையும் அல்ல. கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புச் சாயம் வருகிறதல்லவா, அதே சங்கதிதான் இங்கேயும். கருவேலத்தில் துவர்ப்பு அதிகம், அதன் பட்டையில் தோல் பதனிடுவார்கள். ஈரத்தோடு இரும்பு பட்டால் மரம் கறுத்துவிடும். இரும்பை எடுத்துவிட்டு எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் வையுங்கள், லேசான கறை மங்கும். போகவில்லை என்றால் ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல். அது விஷம், கையுறை கட்டாயம், பிறகு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். திரும்ப ஆணி தேவைப்பட்டால் பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள்.

எண்ணெய் பூசி வாரமாகியும் பிசுபிசுக்கிறது

தேங்காய் எண்ணெய் பூசினீர்களா? அது எத்தனை மாதமானாலும் உலராது, தூசியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து எடுத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். ஆளிவிதை எண்ணெயும் பிசுபிசுத்தால் கனமாகப் பூசி அப்படியே விட்டுவிட்டீர்கள், அல்லது காய்ச்சாத எண்ணெயை வாங்கிவிட்டீர்கள். காய்ச்சிய எண்ணெயைக் கேட்டு வாங்கி, மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மரம் குடிக்காததை எல்லாம் துடைத்துவிட வேண்டும்.

துடைத்த துணியைச் சுருட்டிக் கொட்டகை மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

பாதம் கறுத்து மெத்தென்றாகிறது

வாசல் தெளிக்கும் தண்ணீரையும் தாழ்வாரம் கழுவும் தண்ணீரையும் காலின் அடிப்பாகம் உறிஞ்சுகிறது. மெத்தென்றான பாகத்தை அறுத்துவிட்டு, நான்கு கால்களையும் அதே அளவுக்குக் குறைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். பிறகு ஒரு தட்டையான டப்பாவில் ஒரு அங்குலம் எண்ணெய் ஊற்றி ஒவ்வொரு பாதத்தையும் இரவு முழுவதும் நிறுத்துங்கள். காலையில் டப்பாவில் எண்ணெய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள், அத்தனை தண்ணீரை அந்தப் பாதம் இதுவரை குடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் குறைவது நின்ற பிறகு, உருக்கிய தேன்மெழுகில் தோய்த்து எடுத்துத் தரையில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், பெஞ்சைக் கவிழ்த்து மெழுகு தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால் போதும்.